தீவில் தனித்த சிறுவர்களும் அம்மம்மாவின் தண்ணீர்ப் போத்தலும்

புதிதாக இந்த நாட்டுக்கு வந்து சேரும் நம்மவர்கள் எங்களைச் சந்திக்கும்போது முதலில் விசாரிப்பது பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, கணிதத்துக்கு எங்கே ரியூசன் இருக்கிறது, விஞ்ஞானம் யார் நன்றாகப் படிப்பிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். ஆங்கில இலக்கியத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. நாங்களும் வந்த புதிதில் ஒருவரிடமும் கேட்டதில்லை. கதைப் புத்தகம்தானே, பிள்ளை தானாக வாசித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

அப்படி விட்டது தவறு என்பதை எங்கள் மூத்த மகள் பத்தாம் ஆண்டில் படித்தபோது உணர்ந்தோம். அந்த வருடம் ஒரு மெல்லிய கதைப் புத்தகம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஏறக்குறைய முப்பது வருடமாக எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விடயத்தை அது பேச வைத்தது. புதிதாக வந்த பெற்றோருக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் அதை இங்கே எழுதுகிறோம்.

அடுப்படியில் ஒரு கேள்வி

அன்று மாலை எங்களில் ஒருவர் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மற்றவர் அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, பெரியாக்கள் ஒருத்தரும் இல்லாட்டிப் பிள்ளையள் ஒருத்தரை ஒருத்தர் கொல்லுவினமோ?"

"உதென்ன கேள்வி? கணக்குச் செய்து முடிச்சாச்சோ?"

கணக்கு எப்போதோ முடிந்துவிட்டதாம். ஆசிரியை இலக்கியத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். மனிதனுடைய கொடுமை அவனுக்குள்ளேயே பிறப்பதா, அல்லது அவன் அகப்பட்ட சூழ்நிலையால் வருவதா என்பது கேள்வி.

எங்களுக்குத் தெரிந்த வழியை நாங்கள் சொன்னோம். இன்ரநெற்றில் நல்ல விடை ஒன்றைத் தேடி எடு, நாலைந்து தரம் எழுதிப் பாடமாக்கு என்றோம். ஊரிலே க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ் இலக்கிய நயம் எடுத்தபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆசிரியர் சொன்ன நயத்தைக் கொப்பியில் எழுதி, கொப்பியில் உள்ளதைப் பாடமாக்கி, பாடமாக்கியதைப் பரீட்சையில் கொட்டினோம். புள்ளிகளும் குறையவில்லை.

மகள் தலையை ஆட்டினாள். "அப்பிடி எழுதேலாது. நான் என்ன நினைக்கிறன் எண்டுதான் மிஸ் கேக்கிறா. நான் என்ன நினைக்கிறன் எண்டு எனக்கே தெரியாது. அதுதான் உங்களைக் கேட்டனான்."

எங்களிடம் பதில் இருக்கவில்லை. வேலைக்குப் போகிறவர் போய்விட்டார். புட்டு ஆறிக்கொண்டிருந்தது.

புத்தகத்தின் கதை

அந்த நூல் வில்லியம் கோல்டிங் எழுதிய 'லோர்ட் ஒவ் த ஃபிளைஸ்'. 1954இல் வெளிவந்தது. இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஜீ.சீ.எஸ்.ஈ. வகுப்புகளுக்குப் படிப்பிக்கப்பட்டு வருகிறது. உங்கள் பிள்ளையின் புத்தகப் பையிலும் இது ஒருநாள் வரக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

போர்க் காலம். ஆங்கிலேயச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற விமானம் ஆளில்லாத ஒரு தீவில் விழுந்துவிடுகிறது. பெரியவர்கள் எவரும் மிஞ்சவில்லை. ஆறு வயது தொடக்கம் பன்னிரண்டு வயது வரையான பையன்கள் மட்டும் உயிர் தப்புகிறார்கள். வாக்கெடுத்து ரால்ஃப் என்பவனைத் தலைவனாக்குகிறார்கள். கடற்கரையில் ஒரு சங்கு அகப்படுகிறது. கூட்டத்தில் சங்கைக் கையில் வைத்திருப்பவன் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று ஒழுங்கு செய்கிறார்கள். (இந்த ஒழுங்கை நம்முடைய சங்கக் கூட்டங்களிலும் கொண்டுவந்தால் நல்லது என்று நாங்கள் சொன்னபோது, மகள் நெடுநேரம் சிரித்தாள்.) கண்ணாடி போட்ட தடித்த பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய கண்ணாடியைக் கொண்டுதான் வெயிலில் நெருப்பு மூட்டுகிறார்கள். தூரத்தில் போகும் கப்பல்களுக்குத் தெரியும்படி மலையுச்சியில் நெருப்பை அணையாமல் காக்க வேண்டும் என்பது ரால்ஃபின் கட்டளை.

கொஞ்ச நாளில் எல்லாம் மாறுகிறது. தீவில் ஏதோ ஒரு மிருகம் இருக்கிறது என்ற பயம் சின்னப் பையன்களைப் பிடிக்கிறது. அந்தப் பயம் பெரியவர்களுக்கும் தொற்றுகிறது. ஜாக் என்பவன் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வேட்டைக் கூட்டம் சேர்க்கிறான். என்னோடு வந்தால் இறைச்சியும் பாதுகாப்பும் தருவேன் என்கிறான். பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போகிறார்கள். மிருகம் என்று ஒன்றும் இல்லை, பயம் நமக்குள்ளேதான் இருக்கிறது என்று கண்டுகொண்ட பையனை இருட்டில் எல்லோருமாகச் சேர்ந்து அடித்துக் கொல்கிறார்கள். கண்ணாடிப் பையன் மீது பாறையை உருட்டி விடுகிறார்கள். அவனும் போகிறான், சங்கும் நொறுங்குகிறது. ரால்ஃபைத் துரத்திப் பிடிக்கத் தீவுக்கே நெருப்பு வைக்கிறார்கள். அந்தப் புகையைக் கண்டுதான் கடற்படை அதிகாரி ஒருவர் வந்து மீட்கிறார்.

கோல்டிங் பள்ளிக்கூட ஆசிரியர். சாலிஸ்பரி நகரில் ஆண் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அதற்கிடையில் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, 1944இல் நோர்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாளில் ஒரு படகுக்குப் பொறுப்பாக இருந்தார். அவருக்கு முன்னே, 1857இல், பலண்டைன் என்ற எழுத்தாளர் 'த கோரல் ஐலன்ட்' என்ற கதையை எழுதியிருந்தார். அதிலும் ஆங்கிலேயப் பையன்கள் தீவில் தனித்துப் போகிறார்கள். ஆனால் நல்ல பிள்ளைகளாகவே இருந்து, எல்லாவற்றையும் வென்று திரும்புகிறார்கள். போரைக் கண்ட கோல்டிங்குக்கு அது பொய்யாகப் பட்டது. பிள்ளைகள் உண்மையில் எப்படி நடப்பார்களோ அப்படி எழுதுகிறேன் என்று எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கைப்பிரதி அது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கதையைச் சொல்லி முடித்த மகள், "அப்ப மனிசர் உள்ளுக்கை கெட்டவைதான் போல" என்றாள். அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எங்களை உறுத்தியது. பதினைந்து வயதுப் பிள்ளை இப்படி ஒரு முடிவை எடுத்துக்கொண்டு உலகத்துக்குள் போகலாமா? இல்லை என்று சொல்வதற்கும் எங்களுக்கு வாய் வரவில்லை. நாங்கள் போருக்குள் பிறந்து வளர்ந்தவர்கள்.

அம்மம்மா சொன்னது

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருக்கும் அம்மம்மாவுடன் தொலைபேசியில் பேசுவது வழக்கம். அந்த ஞாயிறு மகள் எங்களைக் கேட்காமலே அம்மம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டாள். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அந்த இரவை அறிந்தவர்கள் இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க ஓரடி வைக்கவும் இடமில்லை. மணித்தியாலக் கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எங்களில் ஒருவருக்கு அப்போது பதினொரு வயது. காய்ச்சலோடு சைக்கிள் கரியரில் இருந்தவர். அம்மம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பக்கத்திலை ஒரு கிழவி நிண்டவ. 'பிள்ளை, ஒரு வாய் தண்ணி இருக்கோ' எண்டு கேட்டவ. நான் இல்லையெண்டு சொன்னனான். என்ரை பைக்குள்ளை ஒரு போத்தல் தண்ணி இருந்தது. உன்ரை அம்மாவுக்கெண்டு ஒளிச்சு வைச்சனான். அந்த மனிசியின்ரை முகம் இப்பவும் கண்ணுக்கை நிக்குது."

இதை அம்மம்மா அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. சைக்கிளில் இருந்தவருக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் அவர்தான். தாயும் மகளும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

"அப்ப நான் பொல்லாதவளோ? சொல்லு பாப்பம்" என்று அம்மம்மா பேத்தியிடம் கேட்டார். பேத்தியால் சொல்ல முடியவில்லை. அம்மம்மாவே தொடர்ந்தார். "எனக்குப் பயம். பிள்ளை செத்துப்போயிடும் எண்ட பயம். பயம் வந்தா மனிசர் சின்னனாப் போயிடுவினம்."

அதே இரவில், அதே பாலத்தில், முன்பின் தெரியாத ஒரு பொடியன் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறான். பெயரைக் கேட்பதற்குள் சனத்துக்குள் போய்விட்டான். அக்கரையில் ஒரு வீட்டுக்காரி தன் வளவை ஏழு குடும்பத்துக்குத் திறந்துவிட்டு, நாள் முழுக்கத் தன் கிணற்றில் அள்ள விட்டிருக்கிறார். இளநீரைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் அதே ஊரில் இருந்திருக்கிறார்கள். "விலைக்கு வித்தவனும் பிறகொருநாள் செல் விழேக்கை காயப்பட்ட ஆக்களைத் தன்ரை வண்டிலிலை ஏத்திக்கொண்டு ஓடினவன்" என்றார் அம்மம்மா.

கடைசியாக ஒன்று சொன்னார். இடம்பெயர்ந்து இருந்த வளவின் மாமரத்தடியில், அவர்களோடு வந்த வாத்தியார் ஒருவர் மூன்றாம் நாளே பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் தொடங்கிவிட்டாராம். புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. காலையில் மண்ணில் எழுதிக் கணக்கு, பின்னேரத்தில் நினைவிலிருந்து கதை. "அந்தக் கதையைக் கேட்டுத்தான் உன்ரை அம்மா பிறகு முதல்முதல் சிரிச்சவள். அதுக்குப் பிறகுதான் எனக்கும் பயம் தெளிஞ்சது. என்னட்டை இருந்ததை நாலு பேருக்குக் குடுக்க எனக்கு அதுக்குப் பிறகுதான் மனம் வந்தது."

அம்மம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். கோல்டிங்கின் பெயரைக் கேள்விப்பட்டவர் அல்ல. ஆனால் அந்தக் கதையின் நடுவில் இருக்கும் விடயத்தை, பயம் மனிதனைச் செய்கிற வேலையை, அவர் தன் அனுபவத்திலிருந்து சொன்னார். மகள் தொலைபேசியை வைத்ததும் புத்தகத்தைத் திறந்து, பிள்ளைகளுக்குப் பயம் பிடிக்கும் பக்கங்களைத் திரும்ப வாசிக்கத் தொடங்கினாள்.

உண்மையில் நடந்த தீவுக் கதை

அடுத்த கிழமை நாங்கள் மகளுடன் உள்ளூர் நூலகத்துக்குப் போனோம். அங்கிருந்த நூலகர் கேள்வியைக் கேட்டுவிட்டு, தொங்கா நாட்டுச் சிறுவர்களைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. ருட்கர் பிரெக்மன் என்ற டச்சு எழுத்தாளர் மனித குலத்தைப் பற்றி எழுதி, 2020இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலொன்றை எடுத்துத் தந்தார்.

பசிபிக் சமுத்திரத்தில் உள்ள தொங்காவின் தலைநகரில், விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்த ஆறு பையன்கள் 1965இல் ஒரு மீன்பிடிப் படகைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். புயல் பாயையும் சுக்கானையும் உடைத்தது. எட்டு நாள் கடலில் மிதந்து 'ஆட்டா' என்ற ஆளற்ற தீவில் ஒதுங்கினார்கள். ஒரு காலத்தில் அங்கே மக்கள் இருந்தார்கள். 1863இல் அடிமை வியாபாரிகள் அவர்களில் பலரை ஏற்றிச் சென்ற பின் தீவு வெறுமையாகியிருந்தது.

அங்கே அந்த ஆறு பேரும் பதினைந்து மாதம் வாழ்ந்தார்கள். மரத்தைக் குடைந்து மழைநீரைச் சேர்த்தார்கள். பழைய குடியிருப்பில் காடாகிப் போன வாழையையும் கிழங்கையும் கோழிகளையும் கண்டுபிடித்தார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து தோட்டம், சமையல், காவல் என்று முறை வைத்தார்கள். மூட்டிய நெருப்பை அணைய விடவில்லை. சண்டை வந்தால் சண்டை பிடித்தவர்களைத் தீவின் இரண்டு பக்கங்களுக்கு அனுப்பி, கோபம் ஆறிய பின் கூட்டி வந்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து காலை முறித்தபோது தடியும் இலையும் வைத்துக் கட்டி, அவன் வேலையையும் தாங்களே செய்தார்கள். 1966 செப்டெம்பரில் பீற்றர் வோணர் என்ற அவுஸ்திரேலிய மாலுமி அவர்களைக் கண்டு மீட்டார். கால் நேராகப் பொருந்தியிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் படகுக்காரர் கொடுத்த முறைப்பாட்டில் ஆறு பேரையும் பொலிஸ் பிடித்து வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாலுமிதான் படகின் விலையைக் கட்டி வெளியே எடுத்தார்.

இதை வாசித்ததும் எங்களுக்கு ஒரே சந்தோசம். "பாத்தியோ, மனிசர் நல்லவை" என்று மகளிடம் சொன்னோம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவை ஏற்கெனவே கூட்டாளியள், அப்பா. நெருப்பு மூட்ட, மீன் பிடிக்க, கிழங்கு நட வீட்டிலை பழகினவை. கதையிலை வாற பிள்ளையளிலை பலர் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவை, சின்னப் பிள்ளையளும் கனபேர். ரெண்டும் ஒண்டில்லை" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் ஒரு விடையைத் தேடிக்கொண்டிருந்தோம். அவள் அதைக் கடந்து, ஒன்றை மற்றொன்றோடு வைத்து நிறுத்துப் பார்க்கப் பழகியிருந்தாள். ஒருவன் சொன்னான் என்பதற்காக மனிதர் எல்லாரும் கெட்டவர் என்றும் நம்பவில்லை, பெற்றோர் சொன்னார்கள் என்பதற்காக எல்லாரும் நல்லவர் என்றும் நம்பவில்லை. இதைத்தான் படிப்பு என்று சொல்ல வேண்டும். நாங்கள் கொப்பியைப் பாடமாக்கிய காலத்தில் இது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கட்டுரைக்குக் கிடைத்த புள்ளி

மகள் கட்டுரையை எழுதிக் கொடுத்தாள். தீவில் ஒழுங்கு உடைந்தது பயத்தால் என்றும், அந்தப் பயத்தை ஜாக் தனக்குப் பயன்படுத்திக்கொண்டான் என்றும் எழுதியிருந்தாள். முடிவில் வந்து மீட்கும் அதிகாரியும் ஒரு போர்க் கப்பலில்தான் வருகிறார், அவரை யார் மீட்பது என்று கேட்டிருந்தாள். நடுவில் ஒரு பக்கம் அம்மம்மாவின் தண்ணீர்ப் போத்தலைப் பற்றி.

பெரிய புள்ளி கிடைத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படிக் கிடைக்கவில்லை. சிந்தனை நல்லது, ஆனால் நூலிலிருந்து ஆதாரம் போதாது, பரீட்சையில் அம்மம்மாவுக்குப் புள்ளி போட முடியாது என்ற கருத்தில் ஆசிரியை எழுதியிருந்தார். அதன் கீழே, அந்தப் பக்கத்தைத் தான் இரண்டு முறை வாசித்ததாகவும் எழுதியிருந்தார்.

ஆசிரியை சொன்னது நியாயம். அதனால் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஜீ.சீ.எஸ்.ஈ. இலக்கியப் பரீட்சைக்கு நாவலை மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாது. பிள்ளை தன் கருத்தைச் சொல்லி, அதற்கு நூலின் இடங்களை நினைவிலிருந்து காட்ட வேண்டும். கருத்து மட்டும் இருந்தாலும் போதாது, பாடமாக்கிய விடை மட்டும் இருந்தாலும் போதாது. மகள் அடுத்த கட்டுரையில் அம்மம்மாவை விட்டுவிட்டு நூலைப் பிடித்துக்கொண்டாள். புள்ளியும் கூடியது.

பெற்றோருக்கு

எங்களுக்கு ஆங்கிலம் வராது, பிள்ளையின் இலக்கியப் பாடத்துக்கு நாங்கள் என்ன உதவி செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அந்த நாவலை முழுதாக வாசித்தவர்கள் அல்ல. செய்ததெல்லாம் இவ்வளவுதான். கதையைத் தமிழில் சொல்லச் சொன்னோம். தமிழில் சொல்ல வேண்டும் என்றால் பிள்ளை கதையை விளங்கியிருக்க வேண்டும். விளங்காத இடம் அங்கேயே தெரிந்துவிடும். 1963இல் பீற்றர் புரூக் எடுத்த அந்தக் கதையின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் குடும்பமாக இருந்து பார்த்தோம். நூலகத்தில் உறுப்பினர் அட்டை எடுத்தோம், அதற்குக் காசில்லை. கூச்சப்படாமல் நூலகரிடம் கேட்டோம்.

எல்லாவற்றிலும் முக்கியம், எங்கள் கதையையும் சொன்னோம். நம்மில் பலர் பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பிள்ளை பயந்துவிடும் என்று நினைக்கிறோம். எங்கள் வெட்கமும் அதில் ஒரு பங்கு. ஆனால் பிள்ளைகள் மனிதரின் கொடுமையைப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலும் செய்தியிலும் எப்படியும் அறியத்தான் போகிறார்கள். தோளில் தூக்கிச் சென்ற பொடியனையும், கிணற்றைத் திறந்துவிட்ட வீட்டுக்காரியையும், மாமரத்தடி வாத்தியாரையும் அவர்களுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களைப் பற்றி எந்தப் பரீட்சைப் புத்தகத்திலும் இல்லை. ஒளித்து வைத்த போத்தலையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றதைப் பிள்ளை நம்பும்.

சென்ற மாதம் மகள் தன் கட்டுரையைத் தமிழில் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். சில சொற்களுக்குத் தடுமாறினாள், நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். அம்மம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, தன் போத்தலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தக் கண்ணாடிப் பொடியன் பாவம். அவன் சொன்னதை ஆராவது கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "வேறை என்ன புத்தகம் படிக்கிறாய்? அதையும் சொல்லு" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் தொலைபேசி முன்னைவிடக் கூடுதல் நேரம் பேசுகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் இன்றிரவு கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் என்ன கதை படிக்கிறாய் என்று.